கடன் இல்லாத கார்

ஐம்பத்திரண்டு வயதுவரை மெஷின்காரர் யாரிடமும் கடன் வாங்கியதில்லை. அதுவே அவருக்குப் பெரிய குறையாகப் போகும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை.

தையல் மெஷின் பழுதுபார்ப்பது அவர் தொழில். ஆயத்த ஆடைக் கம்பெனிகளுக்கும் சின்னத் தையற்கடைகளுக்கும் பையைத் தூக்கிக்கொண்டு போவார். மெஷின் ஓடும் சத்தத்தை வாசலில் நின்று கேட்டே எந்தத் திருகு தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். கையில் காசு இருந்தால் ஒரு பொருளை வாங்குவார், இல்லாவிட்டால் வாங்க மாட்டார். இது ஒரு பொருளாதாரக் கொள்கை என்றுகூட அவருக்குத் தெரியாது.

அவர் மனைவிக்கு இரண்டு வருடமாகச் சிறுநீரகக் கோளாறு. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். ஆஸ்பத்திரிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். போகும்போது சமாளித்துவிடுவாள். திரும்பும்போதுதான் கால் துவண்டுவிடும். ஒரு செவ்வாய்க்கிழமை பாதி வழியில் தலை சுற்றி, பஸ்ஸிலிருந்து இறங்கி, பூட்டியிருந்த ஒரு கண்ணாடிக் கடையின் படியில் இருவரும் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். அந்த வழியாகப் போன ஒருவர் அவர்கள் முன்னால் ஒரு நாணயத்தைப் போட்டுவிட்டுப் போனார். மனைவி அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"பஸ்ஸுக்கே பத்தாதுங்க" என்றாள்.

அன்றைக்குத்தான் மெஷின்காரர் கார் வாங்குவது என்று முடிவு செய்தார். முன்பு ஆடைக் கம்பெனி வேனை ஆறு வருடம் ஓட்டியவர், லைசென்ஸும் கையில் இருந்தது. இரண்டு தெரு தள்ளி, ஓய்வுபெற்ற பூகோள டீச்சர் ஒருவர் தன்னுடைய வெள்ளைக் காரை விற்கப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒன்பது வருடத்து வண்டி. பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்கும் தவிர அது வேறு உலகத்தைப் பார்த்ததில்லை. டீச்சருக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்துவிட்டதால் வண்டி ஒரு வருடமாக ஷெட்டிலேயே நின்றது. டீச்சர் கேட்ட விலை நியாயமான விலை. மெஷின்காரரிடம் அதில் மூன்றில் ஒரு பங்கு இருந்தது.

"மிச்சத்த மெதுவா குடுங்கன்னு சொல்லத்தான் எனக்கும் ஆசை" என்றார் டீச்சர். "ஆனா கண் ஆபரேஷனுக்கு மொத்தமா வேணும் தம்பி. பேங்க்ல கேட்டுப் பாருங்களேன். அதுக்குத்தானே வச்சிருக்காங்க."

பேங்க் வாசலில் ஒரு பெரிய படம் இருந்தது. காருக்குள் நான்கு பேர் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். 'பழைய கார்தானே என்று நாங்கள் நினைப்பதில்லை. குறைந்த வட்டி, நிறைந்த மனம்' என்று கீழே எழுதியிருந்தது. மெஷின்காரர் அதை இரண்டு முறை படித்துவிட்டு உள்ளே போனார்.

கடன் பிரிவில் இருந்த மேடம் நல்ல மாதிரி. உட்காரச் சொன்னார். அவருடைய விவரங்களைத் தட்டிவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க ஸ்கோர் வரலை சார்."

"கொஞ்ச நேரம் ஆகுமாங்க?"

"இல்ல சார். நீங்க இதுவரைக்கும் கடனே வாங்கினதில்லையா?"

"ஒரு பைசா வாங்கினதில்லைங்க" என்றார் மெஷின்காரர், சற்று நிமிர்ந்து உட்கார்ந்து.

மேடத்தின் முகம் வாடியது. "ஏன் சார் அப்படி இருந்துட்டீங்க?"

மேடம் பொறுமையாக விளக்கினார். "கடன் வாங்கினாத்தானே நீங்க திருப்பிக் கட்டறவரா இல்லையான்னு எங்களுக்குத் தெரியும். வாங்கிட்டு ஓடிப் போனவங்களப் பத்திக்கூட எங்ககிட்ட நாலு பக்கம் இருக்கு. உங்களப் பத்தி ஒரு வரி இல்ல. சிஸ்டத்தப் பொறுத்தவரைக்கும் நீங்க இன்னும் பிறக்கவே இல்ல சார்."

"அதுக்கு இப்ப என்னங்க பண்றது?"

"சின்னதா ஒரு கடன் வாங்குங்க. எதுக்காவது."

மெஷின்காரர் தவணைக் கடைக்குப் போய், தேவைப்படாத ஒரு மேசை மின்விசிறியை ஆறு மாதத் தவணையில் வாங்கினார். வீட்டில் ஏற்கெனவே இரண்டு மின்விசிறிகள் இருந்தன. மனைவி மூன்றாவதைப் பார்த்துவிட்டு, "காருக்குப் பதிலா இதுல போகலாம்னு முடிவு பண்ணிட்டீங்களா?" என்று கேட்டாள். மூன்றாவது மாதம் ஆடைக் கம்பெனியிலிருந்து பழைய பாக்கி வந்தது. மெஷின்காரர் நேராகத் தவணைக் கடைக்குப் போய் மீதி மொத்தத்தையும் கட்டிவிட்டு, பாரம் இறங்கிய மனதோடு பேங்குக்குப் போனார்.

"இப்ப ஸ்கோர் வந்திருக்கு சார்" என்றார் மேடம். "ஆனா ரொம்பக் கம்மியா வந்திருக்கு. ஆறு மாசம் கட்டறேன்னு கையெழுத்துப் போட்டுட்டு மூணு மாசத்துல கட்டிட்டீங்க. வாக்குத் தவறினதா எடுத்துக்கும்."

"சீக்கிரமாத்தானேங்க கட்டினேன்."

"தவறினது தவறினதுதானே சார். அப்புறம் இன்னொண்ணு. நான் ஒவ்வொரு தடவை உங்க ஸ்கோரத் திறந்து பார்க்கறப்பவும் அது கொஞ்சம் இறங்கும்."

"அப்பப் பார்க்காதீங்களேன்."

"பார்க்காம எப்படி சார் கடன் குடுக்கறது?" என்றார் மேடம். அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. பேசிக்கொண்டே இன்னொரு முறை பார்த்தார்.

மேடத்தால் முடிவு செய்ய முடியாததால் விஷயம் கிளை மேலாளரிடம் போனது. மேலாளர் அறையில் ஏசி ஒரு படி அதிகமாகவே ஓடியது. மேசைமேல் ஒரு சின்ன பொம்மைக் கார் இருந்தது. அவர் அதை முன்னும் பின்னும் உருட்டிக்கொண்டே பேசினார்.

"உங்க விண்ணப்பத்தப் படிச்சேன். மனசு கஷ்டமா இருந்துச்சு. ஏன் இவ்வளவு சின்னதா யோசிக்கறீங்க? புதுக் காரே எடுத்துக்குங்க. நாளைக்கே குடுத்துடறேன்."

"அது நாலு மடங்கு விலைங்களே."

"ஆமா. நாலு மடங்கு கடன் தரேன்."

"என் ஸ்கோரு ரொம்பக் கம்மின்னு மேடம் சொன்னாங்க."

"புதுக் காருக்கு யாரு சார் ஸ்கோரப் பார்க்கறா?" மேலாளர் பொம்மைக் காரை நிறுத்தினார். "நான் உங்ககிட்ட மனசு விட்டுச் சொல்றேன். இருபத்தேழு வருஷ அனுபவம். சின்னக் கடன் வாங்கறவன் கட்டி முடிச்சுட்டு எங்கள மறந்துடுவான். அவனால எங்களுக்கு என்ன பிரயோஜனம்? பெரிய கடன் வாங்கினவன் காலைல எந்திரிச்சதும் எங்களத்தான் நினைப்பான். ரோட்டுல என்னப் பார்த்தா வணக்கம் வைப்பான். அதுதான் சார் உறவு. எங்க பேங்க் உறவுகள மதிக்கிற பேங்க்."

"எனக்கு மாசா மாசம் அவ்வளவு கட்ட வராதுங்க. ஆஸ்பத்திரிச் செலவும் இருக்கு."

"கட்ட வரலைன்னா வண்டிய எடுத்துக்குவோம். உங்களுக்கு எந்தப் பொறுப்பும் இல்ல."

மெஷின்காரர் யோசித்தார். பிறகு, தனக்கு டீச்சருடைய கார் போதும் என்று சொன்னார். மேலாளர் அவரை, பிடிவாதக்காரக் குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு மணியை அடித்தார்.

அதற்குப் பிறகு காகிதங்கள் கேட்டார்கள். வருமானச் சான்று, முகவரிச் சான்று எல்லாம் சரி. கார் எங்கே நிற்கிறதோ அந்த ஷெட்டுக்கு முகவரிச் சான்று கேட்டார்கள். டீச்சர் எதற்காகக் காரை விற்கிறார் என்று அவர் கைப்பட எழுதிய கடிதம் கேட்டார்கள். 'கண் தெரியவில்லை' என்று டீச்சர் ஒரே வரியில் எழுதிக் கொடுத்தார். கண் தெரியாததற்கு மருத்துவச் சான்று கேட்டார்கள். அதையும் கொடுத்தார். அதைப் படித்த பேங்க், இவ்வளவு மோசமான பார்வை உள்ளவர் மேற்படி கடிதத்தைத் தாமே எழுதியது எப்படி என்று விளக்கம் கேட்டது.

டீச்சர் மெஷின்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு நேரிலேயே வந்துவிட்டார். கடன் பிரிவு மேடத்தின் முன்னால் நின்று, "நாப்பது வருஷம் கரும்பலகைல எழுதியிருக்கேன்மா. எழுதறதுக்குக் கண்ணு வேண்டாம். நீங்க அனுப்பின லெட்டரப் படிக்கத்தான் கண்ணு வேணும். அதுலயும் நாலு எழுத்துப் பிழை" என்றார். மேடம் எழுந்து நின்றுகொண்டார். பேங்கில் அன்றைக்கு அந்த ஒரு காகிதம் மட்டும் கேள்வி இல்லாமல் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

அடுத்து மதிப்பீட்டாளர் வந்தார். கையில் டார்ச் விளக்கு, கழுத்தில் அடையாள அட்டை. காரைச் சுற்றி மூன்று முறை நடந்தார். கதவைத் திறந்து மூடினார். ஓட்டிப் பார்க்கிறீர்களா என்று மெஷின்காரர் கேட்டார்.

"எனக்கு ஓட்டத் தெரியாது சார். நான் மதிப்பிட மட்டும்தான்."

அவருடைய அறிக்கை இரண்டு நாளில் வந்தது. கார் பார்வைக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் பார்வைக்கு நன்றாக இருப்பது சந்தேகத்துக்குரியது. ஆகவே ஏழு நாள் பேங்கின் யார்டில் நிறுத்திக் கண்காணிக்க வேண்டும். ஓடாமல் நிற்கும் காரில் எதைக் கண்காணிப்பீர்கள் என்று மெஷின்காரர் கேட்டார். "நிக்கறப்ப எப்படி நடந்துக்குதுன்னு பார்ப்போம்" என்றார்கள்.

யார்டு ஊருக்கு வெளியே இருந்தது. சுற்றிலும் கம்பி வேலி. தவணை கட்டாதவர்களிடமிருந்து பேங்க் பிடுங்கிய கார்கள் தூசி படிந்து வரிசையாக நின்றன. ஒரு காரின் பின்கண்ணாடியில் 'கடவுள் கொடுத்தது' என்று ஒட்டியிருந்தது. மெஷின்காரர் டீச்சருடைய வெள்ளைக் காரைத் தானே ஓட்டிக்கொண்டு போய் அதன் பக்கத்தில் நிறுத்தினார். யார்டு பொறுப்பாளர் தடித்த நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டு சாவியை வாங்கி ஆணியில் மாட்டினார்.

எட்டாம் நாள் மெஷின்காரர் சாவியைக் கேட்கப் போனார்.

"கடன் நம்பர் சொல்லுங்க."

"கடன் இன்னும் குடுக்கலைங்க. அதுக்குத்தான் வண்டியப் பார்த்தாங்க."

பொறுப்பாளர் நோட்டைப் புரட்டினார். யார்டில் ஒரே ஒரு நோட்டுதான் உண்டு. அதன் தலைப்பு 'பறிமுதல் வாகனங்கள்'. வெள்ளைக் கார் அதில் நூற்றுப் பதினேழாவதாக இருந்தது.

"பாக்கிய முழுசாக் கட்டின ரசீது குடுங்க, சாவியத் தரேன்."

"பாக்கியே இல்லைங்க."

"இல்லாத பாக்கிக்கு எப்படி சார் ரசீது வாங்குவீங்க?" என்று பொறுப்பாளர் கவலையோடு கேட்டார். "பாக்கி இருந்திருந்தா எவ்வளவோ நல்லாருந்திருக்கும்."

மெஷின்காரர் கிளைக்கு ஓடினார். மேடம், அது யார்டின் நோட்டு, தன் கையில் இல்லை என்றார். மேலாளர் நிதானமாகக் கேட்டுவிட்டு, நாற்காலியில் சாய்ந்தார்.

"சிக்கலான விஷயம்தான். கடன் உள்ள வண்டிய விடுவிக்க எங்ககிட்ட நடைமுறை இருக்கு. கடன் இல்லாத வண்டிய விடுவிக்க நடைமுறை இல்ல. ஏன்னா, கடன் இல்லாத வண்டியப் பிடிக்கிற பழக்கம் எங்களுக்கு இல்ல. நாங்க நேர்மையான பேங்க் சார்."

"தப்பா எழுதிட்டாங்கன்னு நீங்க ஒரு கடுதாசி குடுத்தா போதுமே."

"நான் அப்படிக் குடுத்தா பேங்க் தப்புப் பண்ணினதா ஆயிடும். பேங்க் தப்புப் பண்ணினா ஜனங்க எத நம்புவாங்க? உங்களுக்காக நான் ஜனங்களோட நம்பிக்கையக் கெடுக்க முடியுமா?" அவர் எழுந்து வந்து மெஷின்காரரின் தோளில் கை வைத்தார். "முப்பது நாள் ஆனா தானா ஏலத்துக்கு வந்துடும். அதுக்கு நடைமுறை இருக்கு."

டீச்சரிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் மெஷின்காரர் அவர் வீட்டைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்து, மறுபடி தாண்டிப் போனார். கடைசியில் டீச்சரே ஜன்னல் வழியாக, "யாரோ ஒருத்தர் வெள்ளையா அங்கயும் இங்கயும் போறாங்க, உள்ள வரச் சொல்லு" என்று வேலைக்காரம்மாவிடம் சொன்னார். மெஷின்காரர் சொல்லி முடித்தார். தன்னிடம் இருக்கும் பணத்தை இப்போதே தந்துவிடுவதாகவும், மீதிக்குத் தன் தொழில் சாமான்களை விற்பதாகவும் சொன்னார்.

டீச்சர் தன் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அந்த ஏலத்துல யார் வேணும்னாலும் கேக்கலாமா?"

"கேக்கலாமாம் டீச்சர்."

"வித்த பணம் யாருக்குப் போகும்?"

மெஷின்காரர், மேலாளர் கொடுத்தனுப்பியிருந்த ஏல அறிவிப்பின் பின்பக்கத்தைப் படித்துக் காட்டினார். கடன் பாக்கியைக் கழித்துக்கொண்டு மீதி, வாகனத்தின் உரிமையாளருக்கு.

"பாக்கி பூஜ்யம்" என்றார் டீச்சர். "அப்ப எனக்குத்தான் வரும். நீங்க வாங்குங்க. நானும் வரேன்."

ஏலத்தன்று யார்டில் வெயில் கொளுத்தியது. மனைவிக்கு அன்று டயாலிசிஸ் இல்லை; வேலியோரம் நிழல் பார்த்து உட்கார்ந்திருந்தாள். வெள்ளைக் காருக்கு ஆரம்ப விலையாக டீச்சர் கேட்ட விலையில் மூன்றில் இரண்டு பங்கைப் போட்டிருந்தார்கள். மதிப்பீட்டாளர் கையெழுத்திட்டிருந்தார். மூன்று கார் புரோக்கர்கள் அந்தக் காரையே சுற்றிச் சுற்றி வந்தார்கள். ஒருவர் குனிந்து டயரை அமுக்கிப் பார்த்தார். தொழில் சாமான்களை விற்றாலும் மெஷின்காரருக்கு ஆரம்ப விலைக்குத்தான் காணும். அவர்கள் ஒரு படி ஏற்றினாலும் அவரால் எட்ட முடியாது.

டீச்சர் அவர் கையை விட்டுவிட்டுக் காரைத் தடவிக்கொண்டே புரோக்கர்களிடம் போனார்.

"நல்லாப் பார்த்து வாங்குங்கப்பா. ஒன்பது வருஷம் நான்தான் வச்சிருந்தேன்."

புரோக்கர்கள் நிமிர்ந்தார்கள்.

"ரெண்டாவது கியர் மட்டும் மழைநாள்ல விழாது. முதல்ல இருந்து நேரா மூணுக்குப் போயிடணும். பழகிடும். பிரேக் பிடிக்கிறதுக்கு முன்னாடி ஹாரன் அடிச்சாத்தான் பிடிக்கும். ஒரே வயர்னு நினைக்கிறேன். டாஷ்போர்டுக்குள்ள எலி குடும்பம் நடத்துது, அதுங்கள ஒண்ணும் பண்ணாதீங்க. அப்புறம் நான் இதோட பள்ளிக்கூட நீச்சல் குளத்துல ஒருதடவை விழுந்திருக்கேன். பெருசா ஒண்ணுமில்ல, ரெண்டு நாள்ல எடுத்துட்டாங்க."

"கண்ணு தெரியாததாலயாம்மா?" என்றார் ஒரு புரோக்கர், மெல்லப் பின்வாங்கிக்கொண்டே.

"அப்பக் கண்ணு நல்லாத் தெரிஞ்சுச்சுப்பா. பிரேக்தான் பிடிக்கல. ஹாரன் அடிக்க மறந்துட்டேன்."

புரோக்கர்கள் 'கடவுள் கொடுத்தது' பக்கம் நகர்ந்துவிட்டார்கள். டீச்சர் திரும்பி வந்து மெஷின்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார். "நாப்பது வருஷமா பொய் சொன்ன பிள்ளைங்கள பெஞ்சு மேல ஏத்தியிருக்கேன்" என்றார் தாழ்ந்த குரலில். "இவ்வளவு சுலபம்னு யாருமே சொல்லல."

ஏலக்காரர் மூன்று முறை கேட்டார். மெஷின்காரரைத் தவிர யாரும் வாய் திறக்கவில்லை.

பணத்துக்கு என்ன செய்வது என்று அவர் யோசிப்பதற்குள் கடன் பிரிவு மேடம் ஒரு குடையின் கீழ் மேசை போட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். யார்டில் வாங்குகிறவர்களுக்கு அந்த இடத்திலேயே கடன். முழு விலைக்கும். ஒரே பக்கம், இரண்டு கையெழுத்து. வட்டி வாசல் படத்தில் போட்டிருந்ததைவிடக் கால் சதவீதம் குறைவு.

"ஸ்கோர் பார்க்கலையாங்க?"

"யார்டு வண்டின்னா எங்க வண்டி சார். எங்க வண்டிய வாங்கறவரச் சந்தேகப்பட்டா எங்களையே சந்தேகப்படற மாதிரி" என்றார் மேடம். பத்து நிமிடத்தில் முடிந்தது. மேலாளர் வந்து, அட்டையில் செய்த ஆளுயரச் சாவி ஒன்றை மெஷின்காரர் கையில் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னார். பேங்க் சேவையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லும்படி கேட்டார். மெஷின்காரர் யோசித்து, "சீக்கிரமா முடிச்சிட்டீங்க" என்றார். மேலாளர் அதை எழுதிக்கொண்டார்.

ஏலப் பணம் டீச்சருக்குப் பத்து நாளில் வந்தது. காரை யார்டில் முப்பது நாள் பத்திரமாகப் பார்த்துக்கொண்டதற்கான வாடகையைப் பேங்க் அதில் கழித்திருந்தது. மெஷின்காரர் சேர்த்து வைத்திருந்த பங்கைக் கொண்டுபோய்க் கொடுத்தார். வாடகைத் தொகையையும் தானே தருவதாகச் சொன்னார். டீச்சர் அதை மட்டும் வாங்கவில்லை. கண் ஆபரேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கூட்டிக்கொண்டு வந்தால் போதும் என்றார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மெஷின்காரர் மனைவியைக் காரில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். நாலு மணி நேரம் கழித்து அவள் வெளியே வந்தபோது காரை வாசல் படிக்கே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். அவள் பின்சீட்டில் ஏறிக் காலை நீட்டிப் படுத்துக்கொண்டாள். அவர் வண்டியைக் கிளப்பப் போனபோது போன் அடித்தது. பேங்கிலிருந்து. குரல் புதிது, ஆனால் அதே மரியாதை. அவர் மெதுவான குரலில், "சரிங்க... சரிங்க... பரவாயில்லைங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில், இந்த அழைப்புக்கு ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் தருவீர்கள் என்று கேட்டார்கள். ஐந்து என்றார்.

"யாருங்க?" என்றாள் மனைவி, கண்ணைத் திறக்காமல்.

"பேங்க்ல இருந்து. நாம டீச்சர் வண்டிக்குக் கடன் கேட்டிருந்தோம்ல, அந்த விண்ணப்பம். இன்னிக்குத்தான் கமிட்டி பார்த்துச்சாம். குடுக்க முடியாதாம்."

"ஏனாம்?"

"நம்ம பேர்ல ஏற்கெனவே ஒரு கார் கடன் ஓடுதாம்."

மனைவி சேலைத் தலைப்பை முகத்தின்மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்து அவர் வண்டியை எடுத்தார்.

"உண்மையத்தானே சொல்றாங்க" என்றாள் அவள். "முதல் தடவையா. அந்த ஏசியக் கொஞ்சம் குறைங்க."